சொரசொரப்பான சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஹால் சீலிங் வழவழப்பானது இல்லை. முழுக்கப் புள்ளிப் புள்ளியாக, கை வைத்தால் உறுத்தும் டெக்ஸ்ச்சர். அதை வெள்ளையடிக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கியதும், வந்து பார்த்த ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். மொத்தத்தையும் சுரண்டிவிட்டுப் பட்டி பார்க்க வேண்டும், அதாவது மாவுக் கலவையைப் பூசி வழவழப்பாக்க வேண்டும் என்றார் ஒருவர். மேலேயே ரெண்டு கோட் இழுத்துவிட்டால் போதும் என்றார் இன்னொருவர். கூலியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தது. யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நிறைய அலைச்சல் ஆனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பெயிண்ட் அடிப்பது கடைசி நாள் சமாச்சாரம். சீலிங்கில் ஏற்கெனவே என்ன ஒட்டியிருக்கிறது, அது ஈரம் பட்டால் தாங்குமா என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியமான வேலை. அது தெரியாமல் ரோலரை எடுத்தால் டெக்ஸ்ச்சர் பாளம் பாளமாக ரோலரிலேயே சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

1. சீலிங் எதனால் ஆனது என்று பாருங்கள்

யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க வீடுகளின் "பாப்கார்ன்" சீலிங். அது ஸ்ப்ரே செய்த மெத்தென்ற பூச்சு. பழைய வீடுகளில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்பதால் அங்கே பரிசோதனை செய்யாமல் தொட மாட்டார்கள். நம் ஊர் கதை வேறு. இங்கே பெரும்பாலும் பார்ப்பது இவைதான்: சிமென்ட் பூச்சிலேயே சொரசொரப்பாக விட்டது, பட்டியைக் குழைத்து ஸ்பான்ஜாலோ ரோலராலோ ஒற்றி எடுத்தது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அல்லது ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் போட்ட டிசைன்.

தட்டிப் பாருங்கள். கல் மாதிரி கெட்டியாக இருந்தால் கான்கிரீட் தளத்தின் மேல் பூச்சு. 'டொக் டொக்' என்று உள்ளே வெற்றிடமாகக் கேட்டால் ஃபால்ஸ் சீலிங். கான்கிரீட் தளத்திலேயே ஓரிடத்தில் மட்டும் அப்படி உள்ளீடற்ற சத்தம் கேட்டால் அங்கே பூச்சு விட்டுப்போயிருக்கிறது. அதை முதலில் கொத்தி எடுத்துப் பூச வேண்டும்.

மூன்று வகை சீலிங்குகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. மொட்டை மாடி அறையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. அந்த நார்த் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அடுத்து, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் மர உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருக்கும். சுண்ணாம்புக் கலவையில் கட்டியது அது. அதற்குச் சுண்ணாம்பே அடியுங்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டால் மூடினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் உரிந்துவிடும். மூன்றாவது, கம்பி வெளியே தெரிந்து துருப்பிடித்திருக்கும் கான்கிரீட். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் இது சகஜம். அது கட்டடப் பழுது. பெயிண்ட் அடித்து மறைத்தால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் துண்டாக விழும். முதலில் சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

2. மூன்று சோதனைகள்

இதற்கு ஒரு பைசா செலவில்லை. அரை மணி நேர வேலை, கடைசிச் சோதனைக்கு மட்டும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். யாரிடமும் கொட்டேஷன் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

முதலில் உள்ளங்கையைச் சீலிங்கில் வைத்து அழுத்தித் தேயுங்கள். கை வெளுத்துப்போனால் அடியில் இருப்பது சுண்ணாம்பு அல்லது மலிவான டிஸ்டம்பர். அதன் மேல் நேரடியாக அடிக்கும் எந்தப் பெயிண்டும் நிற்காது.

அப்புறம் ஒரு ஸ்பான்ஜை நனைத்துப் பிழிந்து, மூலையில் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு நிமிடம் ஒற்றிப் பிடியுங்கள். எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் அந்தப் புள்ளிகளை லேசாக நெருடிப் பாருங்கள். அசையாமல் இருந்தால் கவலை இல்லை, தண்ணீரில் கரையும் பிரைமரே (பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) போதும். குழைந்து விரலோடு மாவு மாதிரி வந்தால் அந்த டெக்ஸ்ச்சர் இதுவரை பெயிண்டே பார்க்காதது, அல்லது பட்டி சரியாக இறுகாதது. அதற்குத் தின்னர் அல்லது டர்பன்டைன் கலக்கும் ஆயில் பிரைமர்தான். மொத்த வேலையின் தலைவிதியும் இந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஈரச் சோதனை. ஓரடிக்கு ஓரடி பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு சீலிங்கில் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் ஷீட்டின் உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் தளம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அது காயும்வரை எதுவும் செய்ய முடியாது. கடைசி மாடியில் இருப்பவர்களும் மேல் வீட்டு பாத்ரூமுக்கு நேர் கீழே இருப்பவர்களும் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

3. எந்த மாதத்தில் செய்வது

சென்னைக்குப் பிப்ரவரி, மார்ச்தான் பொருத்தம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் அடித்தால் ஒரு கோட் காய ஒரு நாள் ஆகும், மொட்டை மாடியில் தேங்கும் தண்ணீர் எப்போது கீழே இறங்கும் என்றும் தெரியாது. தீபாவளிக்கு முன்னால் வீட்டைப் புதுசாக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. பெயிண்டர் கிடைப்பதும் அப்போதுதான் கஷ்டம், கூலியும் ஏறியிருக்கும். கத்திரி வெயிலில் வேறு தொல்லை. பெயிண்ட் மளமளவென்று காய்ந்து, ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே கோடு விழும்.

மழைக்கால ஒழுக்கு இருந்த சீலிங் என்றால், ஒழுக்கைச் சரிசெய்த பிறகு சில வாரங்களாவது காய விடுங்கள். புதிதாகச் சிமென்ட் பூசியிருந்தால் 28 நாள் கழித்துத்தான் பெயிண்ட்.

4. கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்க மாநகராட்சியிலோ சி.எம்.டி.ஏ.விலோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எதுவும் வேண்டாம். ஆனால் வேறு சில காகிதங்கள் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

வாடகை வீடு என்றால் ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். சென்னையில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங் செலவு என்று அட்வான்ஸில் கழிக்கும் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இப்போது நீங்களே செலவு செய்தால் அது எப்படிக் கணக்காகும் என்பதையும் அதே செய்தியில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்த பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஃபிளாட் என்றால் அசோசியேஷன் செயலாளருக்கு ஒரு கடிதம்: எந்தத் தேதிகளில் வேலை, எத்தனை ஆட்கள், லிஃப்ட் பயன்படுத்தலாமா, எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். சில இடங்களில் திருப்பித் தரும் டெபாசிட் கேட்பார்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மேல் வீட்டிலிருந்து ஒழுகியிருந்தால் கறையைத் தேதியோடு போட்டோ எடுத்து, அந்த வீட்டுக்காரருக்கும் அசோசியேஷனுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். வெள்ளையடித்து முடித்துவிட்டால் ஒழுகியதற்கு உங்களிடம் வேறு ஆதாரம் இருக்காது.

பெயிண்டரிடம் வாங்கும் கொட்டேஷனில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த பிரைமர், எந்த நிறுவனத்தின் எந்தப் பெயிண்ட், எத்தனை கோட், தரையையும் சாமான்களையும் மூடுவது யார் பொறுப்பு, ஃபேன் கழற்றி மாட்டுவது சேர்த்தியா, சுரண்டிய குப்பையை யார் எடுத்துப் போவது. "ரெண்டு கோட்" என்று மட்டும் எழுதினால் பிரைமரையும் ஒரு கோட்டாகக் கணக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. "பிரைமர் ஒன்று, அதற்கு மேல் பெயிண்ட் இரண்டு" என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

5. செலவு எவ்வளவு ஆகும்

முதலில் நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். நீளம் பெருக்கல் அகலம், அவ்வளவுதான். 14 அடிக்கு 12 அடி ஹால் என்றால் 168 சதுர அடி. ஃபிளாட்டின் சூப்பர் பில்ட்-அப் பரப்பைக் கேட்டு அதை வைத்துத் தொகை சொல்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் மாடிப்படியும் லிஃப்ட்டும்கூட அடங்கும்.

டப்பாவில் "ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி" என்று போட்டிருப்பது பட்டி பார்த்த வழவழப்பான சுவருக்கான கணக்கு. டெக்ஸ்ச்சரில் மேடும் பள்ளமும் சேர்ந்து பரப்பு கூடிவிடும். ஒன்றரை மடங்கு வையுங்கள். ஆழமான டிசைன் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 168 சதுர அடி சீலிங்குக்கு இரண்டு கோட் அடிக்க இரண்டு முதல் மூன்று லிட்டர் எமல்ஷன் போகும். 4 லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால் பின்னால் டச்-அப் செய்யவும் மிஞ்சும்.

நான் விசாரித்தபோது சொன்ன விலைகள் தோராயமாக இவை. பிராண்டையும் கடையையும் பொறுத்து மாறும்.

4 லிட்டர் மேட் எமல்ஷன் 900 முதல் 1,500 ரூபாய். 4 லிட்டர் வாட்டர் பிரைமர் 500 முதல் 800. ஆயில் பிரைமர் லிட்டர் 200 முதல் 300, தின்னர் தனி. நீள முடி ரோலர் 250 முதல் 400, இழுத்து நீட்டும் கம்பு 500-ஐ ஒட்டி. பிளாஸ்டிக் ஷீட், மாஸ்கிங் டேப், உப்புத்தாள், கொஞ்சம் பட்டி, கண்ணாடி, மாஸ்க் எல்லாம் சேர்ந்து 700, 800 ஆகும். ஆள் வைத்தால் பெயிண்டருக்கு நாள் கூலி 1,000 ரூபாய்க்கு மேல், உதவியாளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு ஹால் சீலிங் சுரண்டல் இல்லாமல் இரண்டு நாள், இருந்தால் மூன்று.

பொருளை நீங்களே வாங்குவது நல்லது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெயிண்ட் கம்பெனிகள் பல டப்பாக்களில் பெயிண்டருக்கென்று டோக்கனோ ஸ்கேன் செய்யும் கோடோ வைக்கின்றன. எந்தப் பெயிண்ட் வாங்கலாம், எத்தனை டப்பா வாங்கலாம் என்ற ஆலோசனை சில நேரம் அங்கிருந்துதான் வருகிறது. வேலை நன்றாக முடிந்தால் அந்த டோக்கனை அவரே எடுத்துக்கொள்ளட்டும், அது அவருக்கு உரியதுதான். ஆனால் டப்பாவின் எண்ணிக்கையை உங்கள் அளவு முடிவு செய்யட்டும்.

பெயிண்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயிண்டில் குறை இருந்தால் பில்லும் டப்பாவின் பேட்ச் எண்ணும் இல்லாமல் கம்பெனி உங்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாது. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். இரண்டு டப்பா வாங்கினால் இரண்டும் ஒரே பேட்ச்சாக இருக்கட்டும். ரோலர், கம்பு மாதிரிச் சாமான்களை மண்ணடி ஹார்டுவேர் கடைகளிலும் விலை கேட்டுப் பாருங்கள்.

பெயிண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? கண்ணை மூடிக்கொண்டு, துளியும் பளபளக்காத டெட் மேட். பளபளப்பு கொஞ்சம் இருந்தாலும் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு புள்ளியும், ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடமும் எடுப்பாகத் தெரியும்.

6. அறையைத் தயார் செய்தல்

சோஃபா, டிவி முதலியவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். முடியாதவற்றை நடுவில் குவித்து பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி டேப் ஒட்டுங்கள். தரைக்கு பிளாஸ்டிக் மட்டும் போட்டால் வழுக்கும். அதன் மேல் பழைய பெட்ஷீட் விரியுங்கள். ஏசியை மூடுங்கள். மெயின் போர்டில் அந்த அறைக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகே ஃபேனைக் கழற்றுங்கள். கழற்ற வழியில்லை என்றால் மேலே இருக்கும் கப்பைக் கீழே இறக்கிவிட்டு, இறக்கைகளைப் பையால் மூடுங்கள்.

ஏணி உறுதியானதாக இருக்கட்டும். டைனிங் டேபிள் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறுவது இந்த ஊரில் சர்வ சாதாரணமாகிவிட்டது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே கை தூக்கி வேலை செய்யும்போது தலை சுற்றும். தயவுசெய்து அப்படி ஏறாதீர்கள். மற்றவரையும் ஏற்றாதீர்கள்.

7. தூசி, பூஞ்சை, கறை

ஒட்டடைக் குச்சியால் முதலில் பெருக்குங்கள், அப்புறம் மென்மையான பிரஷ். சுண்ணாம்பு உதிர்கிற இடங்களைப் பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். பழைய ஆயில் பெயிண்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த நாட்களில் வேறு இடத்தில் தங்க வையுங்கள்.

கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு பிளீச், மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒற்றி, கால் மணி நேரம் விட்டு, ஈரத் துணியால் துடையுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ சேர்க்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும். ஸ்பான்ஜ் சோதனையில் கரைந்த சீலிங் என்றால் இதையும் குறைந்த ஈரத்தில் செய்ய வேண்டும்.

மஞ்சள், பழுப்பு நீர்க்கறை மேல் எத்தனை கோட் எமல்ஷன் அடித்தாலும் சில நாளில் அதே இடத்தில் அதே வடிவத்தில் ஊறி வெளியே வரும். கறையின் விளிம்பையும் தாண்டி ஒரு சாண் அளவுக்கு ஆயில் பிரைமரை முதலில் அடித்துக் காயவிடுங்கள்.

உதிர்ந்த இடத்தில் டெக்ஸ்ச்சரைத் திரும்பக் கொண்டுவர, பட்டியைக் கெட்டியாகக் குழைத்துத் தடவி, பாதி இறுகும்போது ஸ்பான்ஜால் ஒற்றி எடுங்கள். முதலில் ஒரு அட்டையில் பழகிக்கொண்டு, அதைச் சீலிங்குக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தபின் மேலே போடுங்கள்.

8. பிரைமரும் பெயிண்டும்

சுவரும் சீலிங்கும் சேரும் ஓரத்தில் மாஸ்கிங் டேப் சரியாக ஒட்டாது, புள்ளிகள் தடுக்கும். டெக்ஸ்ச்சர் மென்மையானது என்றால் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை ஓரம் நெடுகலும் இழுத்து, மெல்லிய கோடு மாதிரி புள்ளிகளை எடுத்துவிடுங்கள். பிரஷ் அந்தக் கோட்டில் நேராக ஓடும். கெட்டிச் சிமென்ட் என்றால் 2 அங்குல பிரஷால் நிதானமாக ஓரம் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ரோலர் 9 அங்குலம், முடி நீளம் 18 முதல் 20 மி.மீ. கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் குட்டை முடி ரோலர் மேட்டை மட்டும் தொடும், பள்ளம் எல்லாம் பழைய நிறமாகவே நிற்கும். முடி நீளமாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் எவ்வளவு கலப்பது என்பது டப்பாவிலேயே இருக்கிறது. பெயிண்டை இழுக்க இழுக்கத் தண்ணீர் ஊற்றுவதைத்தான் நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதியில் மெட்ரோ வாட்டரையோ கேன் தண்ணீரையோ கொடுங்கள்.

அடிக்கும்போது ஃபேன் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆயில் பிரைமர் என்றால் எல்லா ஜன்னலும். சமையல் கேஸ், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. மூன்றடி அகலத்துக்கு ஒரே திசையில் கொண்டுபோய், ஈரம் காய்வதற்குள் அடுத்த பட்டையை அதோடு சேர்த்துவிடுங்கள். அறையின் நடுவில் டீ குடிக்க நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு நிச்சயம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டாதீர்கள். ஊறிய டெக்ஸ்ச்சர் இரண்டாவது, மூன்றாவது உருட்டலில்தான் கழன்று வரும். அப்படி வரத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு முழுக்கக் காயவிட்டு, அடுத்த நாள் தொடருங்கள்.

முதல் கோட்டுக்குக் குறுக்காக இரண்டாவது கோட். இரண்டாவது கோட்டை ஜன்னலிலிருந்து வெளிச்சம் வரும் திசையோடு இழுங்கள். நடுவில் நல்ல வெயில் நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம், புழுக்கமான நாளில் ஒரு இரவு.

9. பணம் கொடுக்கும் முன்

மொத்தக் கூலியில் பத்து சதவீதமாவது கடைசிவரை கையில் வைத்திருங்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை சீலிங்குக்கு இணையாகப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். விட்டுப்போன பள்ளங்கள் கறுப்பாகத் தெரியும். அந்த இடங்களில் லேசாகக் குறி போட்டு வையுங்கள். அடுத்த நாள் காலை அந்த இடங்களைத் தொட்டு முடித்த பிறகு மீதிப் பணம்.

மிஞ்சிய பெயிண்டைச் சின்ன டப்பாவில் இறுக மூடி, அறை, தேதி, ஷேடு எண், பேட்ச் எண் எழுதிப் பரணில் வையுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். கொத்திய பூச்சு, சுரண்டிய குப்பையை மாநகராட்சித் தொட்டியில் போடக் கூடாது. ஆள் எடுத்துப் போகவில்லை என்றால் மாநகராட்சியின் உதவி எண் 1913-க்குப் போன் செய்து எங்கே கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.